ஆறாம் வகுப்புக்கு அனுப்பும் முன்னும் பின்னும்

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு உங்கள் பிள்ளையைப் பற்றித் தெரிந்தவற்றில் பாதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. இடது காது கொஞ்சம் மந்தம், அதனால் முன் வரிசையில் உட்கார வேண்டும். சத்தம் போட்டுத் திட்டினால் இரண்டு நாளைக்கு வாய் திறக்க மாட்டாள். வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும், வகுத்தல் என்றால் கை நின்றுவிடும். அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை, ரேங்க் கார்டில் பாட்டிதான் கைநாட்டு வைப்பார். காலை பிரேயரிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை ஒரே அறையில் கூடவே இருந்து, வருடக்கணக்கில் சேர்ந்த அறிவு இது. ஜூன் மாதம் பிள்ளை வேறொரு பள்ளியின் வாசலில் நிற்கும்போது கையில் டி.சி. இருக்கும், ஆதார் நகல் இருக்கும். இந்த அறிவு மட்டும் பழைய பள்ளியிலேயே தங்கிவிடும்.

ஆறாம் வகுப்பில் தமிழுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று வருவார்கள். முக்கால் மணி நேரம் பாடம் நடத்திவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். கணக்கு சாருக்கு அவள் கணக்கில் பின்தங்கியவள் என்பது தெரியும். அதே பெண் தமிழ் வகுப்பில் எழுந்து நின்று அழகாகக் கதை சொன்னது அவர் காதுக்கு எட்டாது. இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் நான்கைந்து வகுப்புகளுக்குள் போய்வருபவர் இத்தனை முகங்களையும் ஒரே மாதத்தில் மனதில் நிறுத்திக்கொள்ள முடியாது. ஆனால் பிள்ளையின் நிலையை யோசியுங்கள். தொடக்கப் பள்ளியில் அவள்தான் பெரிய அக்கா. மணி அடிப்பதும், சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும் அவள் வேலை. மேல்நிலைப் பள்ளியில் பதினேழு வயது அண்ணன்களும் அக்காக்களும் நடமாடும் வராந்தாவில் எல்லோரையும் விடச் சின்னவள் அவள். பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

ஆகவே இந்த அத்தியாயத்தில் நீங்கள் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்: புதிய பள்ளியில் உங்கள் பிள்ளையை நன்றாக அறிந்த பெரியவர் ஒருவராவது ஜூலை முடிவதற்குள் இருக்க வேண்டும். அது தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் நடத்திவைக்க வேண்டும்.

எந்தப் பள்ளி, எந்த வழி

நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்பு வரை, உயர்நிலைப் பள்ளி பத்து வரை, மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டு வரை. உங்கள் பிள்ளை ஏற்கெனவே நடுநிலைப் பள்ளியில் படிக்கிறது என்றால் அதே வளாகத்தில் அடுத்த அறைக்குத்தான் போகப்போகிறது. கீழே வருவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. தொடக்கப் பள்ளியை முடித்து வெளியே வரும் பிள்ளைக்குப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியா, டவுன் மேல்நிலைப் பள்ளியா என்ற கேள்வி வரும். மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தால் பின்னால் இன்னொரு மாற்றம் தேவைப்படாது. ஆனாலும் பயந்த சுபாவமுள்ள பிள்ளையாக இருந்தால், எல்லோரும் எல்லோரையும் அறிந்த சின்ன நடுநிலைப் பள்ளியையே நான் சொல்வேன். பதினொரு வயதில் தாங்காத மாற்றத்தைப் பதினான்கு வயதில் தாங்கிக்கொள்ளும்.

தூரத்தையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்ட விதிகள்படி ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கான பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அரசின் இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும். அதுவரை நடையோ பஸ்ஸோதான்.

வழியில் நின்று யோசிக்காமல் பலர் தாண்டிப் போகும் ஒரு விஷயம் உண்டு. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. இவை எல்லாமே அரசுப் பள்ளியில் படித்ததை ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கெடுக்கின்றன. "ஒரு வருஷம் பிரைவேட்ல போட்டுப் பாப்போம், சரிவரலைன்னா ஏழாவதுல கவர்மெண்ட்டுக்கு மாத்திக்கலாம்" என்று பேசுகிறவர்களுக்கு அந்த ஒரு வருடத்தின் விலை தெரிவதில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அந்த மாத உதவித்தொகை உண்டு, 7.5 சதவீதத்தில் உதவி பெறும் பள்ளிகள் சேராது. தனியார் பள்ளிக்கு அனுப்புவது உங்கள் முடிவு. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றுவதும் இப்படித்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தினார்கள்; இப்போது முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அதை ஒதுக்கி வைத்தாலும், புதுக் கட்டடம், புது ஆசிரியர்கள், புது நண்பர்கள் எல்லாம் ஒன்றாக வரும் வருடத்திலேயே அறிவியலையும் சமூக அறிவியலையும் புது மொழியில் படிக்கச் சொல்வது பிள்ளைக்குப் பெரிய சுமை. ஆங்கிலம் வேண்டுமென்றால் ஆங்கிலப் பாடத்தில் கூடுதலாக உழைக்கலாம்.

சேர்க்கைக்கு டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், போட்டோ என்று வழக்கமான காகிதங்கள் போதும். பள்ளிக் கணினிப் பதிவில் பிள்ளைக்குரிய எமிஸ் எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி கணினியில் பெயரைக் 'காமன் பூல்' பகுதிக்கு மாற்றினால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். மாற்றியாயிற்றா என்று எச்.எம்.மிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காக எந்த அரசுப் பள்ளியும், உதவி பெறும் பள்ளியும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

அரைப் பக்கக் கடிதம்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி பூட்டும் முன்பே ஐந்தாம் வகுப்பு டீச்சரைப் போய்ப் பாருங்கள். இப்படிக் கேட்டால் போதும்: "டீச்சர், இவனப் பத்தி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அரைப் பக்கம் எழுதிக் குடுங்களேன். புது ஸ்கூல் கிளாஸ் டீச்சர்கிட்ட குடுக்கணும்." யாரும் கேட்டிராத உதவி என்பதால் முதலில் திகைப்பார். பிறகு நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே எழுதுவார். தன் கையில் வளர்ந்த பிள்ளை எங்கே போய் எப்படி நிற்குமோ என்ற கவலை அவருக்கும் உண்டு.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"படம் நன்றாக வரைவான். பொறுப்புக் கொடுத்தால் சரியாகச் செய்வான். இரண்டு வருடமாக எங்கள் பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவன் இவன்தான். எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னால் திக்கும். பக்கத்தில் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால் திக்காது. வகுத்தல் இன்னும் கைவரவில்லை. தப்புச் செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், திருத்திக்கொள்வான். வீட்டில் பேச வேண்டுமென்றால் அக்காவிடம் பேசலாம்."

பிள்ளைக்கு எது நன்றாக வரும் என்பதில் கடிதம் தொடங்க வேண்டும். குறையில் தொடங்கினால் புதிய ஆசிரியர் பிள்ளையைப் பார்க்கும் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். குடும்பச் சண்டை, கடன், அப்பாவின் குடி போன்றவை அதில் வேண்டாம். பிள்ளையின் உடம்புக்கோ பாதுகாப்புக்கோ தொடர்புள்ளதாக இருந்தால் நேரில் சொல்லிக்கொள்ளலாம். எழுதியதைப் பிள்ளையிடம் வாசித்துக் காட்டுங்கள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத கடிதத்தைப் பிள்ளை புகார்க் கடிதமாகத்தான் நினைக்கும். வாசித்துக் காட்டினால், "டீச்சர் என்னைப் பத்தி இவ்வளவு நல்லதா எழுதியிருக்காங்களா" என்ற தெம்போடு புதிய பள்ளிக்குப் போகும்.

சேர்க்கை நாளில் இதைக் கொடுக்காதீர்கள். அன்று எச்.எம். அறையில் கூட்டம் நெருக்கும். கடிதம் மற்ற காகிதங்களோடு கோப்புக்குள் போய்விடும். செக்ஷன் பிரித்து, வகுப்பாசிரியர் யார் என்று உறுதியான பிறகு, இரண்டாவது வாரம் மாலையில் போங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். வகுப்பாசிரியர் பிடி கொடுக்காதவராக இருந்தால் மனம் தளர வேண்டாம். பிள்ளைக்குப் பந்து பிடிக்கும் என்றால் பி.இ.டி. சார் இருக்கிறார். உங்கள் ஊரிலிருந்தே வரும் சத்துணவு அமைப்பாளரோ ஆய்வக உதவியாளரோ இருக்கலாம். பிள்ளையின் முகம் வாடியிருந்தால் கண்டுபிடித்துக் கேட்கக்கூடிய ஒருவர் அந்த வளாகத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

செக்ஷன் பிரிக்கும் முன் எச்.எம்.மிடம் கேட்க இன்னொன்று உண்டு: பழைய பள்ளித் தோழர்களில் ஒருவராவது அதே பிரிவில் இருக்கட்டும். எல்லோரும் ஒன்றாக வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் புதிய நட்பு வராது.

கோடையில் என்ன படிக்க வைக்கலாம்

மே மாதம் டியூஷன் வேண்டாம். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி நடத்துவதும் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு வரையில் பிடிபட வேண்டிய மூன்று காரியங்கள் பிடிபட்டிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு முடிக்கும்போது முதல் வரி மறந்துபோயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் அறிவியலும் புரியாது, சமூக அறிவியலும் புரியாது. நாம் பாடம் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். தினமும் கால் மணி நேரம் சத்தமாக வாசித்தால் இரண்டு மாதத்தில் நல்ல மாற்றம் தெரியும். கதைப் புத்தகம், செய்தித்தாள், பஸ்ஸில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ், எதுவானாலும் சரி.

அடுத்தது வகுத்தலும் பின்னமும். ஆறாம் வகுப்புக் கணக்கில் விகிதம் வரும். எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துப் போடும் இயற்கணிதமும் அறிமுகமாகும். இரண்டுக்கும் அடியில் இருப்பவை வகுத்தலும் பின்னமும்தான். ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு போதும்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: எழுதும் வேகம். அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. பாட்டு, அட்டை, விளையாட்டு, குழுவாகத் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று படித்து வருகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் ஆறாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து, பெல் அடிக்கும் முன் கரும்பலகை முழுவதையும் நோட்டில் எழுதி முடிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையால் முடியாது. பாதி எழுதும்போது அழித்துவிடுவார்கள். நோட்டு முடியவில்லை என்று திட்டு விழும். படிக்க நோட்டில் பாடமும் இருக்காது. ஆகவே கோடையில் ஒரு சின்னப் பயிற்சி: ஒரு வாக்கியத்தின் பாதியைப் பார்த்து மனதில் வாங்கி, குனிந்து முழுதாக எழுதி முடித்த பிறகே நிமிர வேண்டும். பேனாவில் எழுதட்டும். அக்காவோ அண்ணனோ சொல்லச் சொல்ல எழுதினாலும் நல்லது.

இந்த மூன்றில் ஒன்று சுத்தமாக வராவிட்டாலும் பயப்படாதீர்கள், ஆனால் மறைக்காதீர்கள். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வகுப்பு வரை அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்காகத் 'திறன்' என்ற பயிற்சி 2025இல் தொடங்கப்பட்டது. அதில் பிள்ளையைச் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்குவதில்லை. அது பிள்ளைகளுக்கு நல்லது; ஆனால் பாஸ் என்று வந்துவிடுவதால் வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுகிறோம், வாசிக்கத் தெரியாதது ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே வருகிறது. மாதம் ஒருமுறையாவது ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் வாரங்கள்

பள்ளி திறக்கும் முன் ஒருநாள் பிள்ளையோடு அங்கே போய் நடந்து பாருங்கள். கழிப்பறை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, சத்துணவு எங்கே, பஸ் எந்தப் பக்கம் நிற்கும். கழிப்பறையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரிய பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று அந்தப் பக்கமே போகாமல், அதற்காகத் தண்ணீரும் குடிக்காமல் மாலை வரை அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் நிறைய. கொண்டுபோன பாட்டில் அப்படியே திரும்பி வந்தால் காரணம் கேளுங்கள்.

பெண்களுக்குச் சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் கட்டணம் இல்லை. அம்மாவோ பாட்டியோ முதல் சில நாட்கள் கூடவே போய்வரச் செலவு கிடையாது. பஸ் பாஸ் கைக்கு வரத் தாமதமாகலாம். சீருடை போட்டு அடையாள அட்டையோடு போகட்டும். கண்டக்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். பஸ் தவறினால் யார் வீட்டில் காத்திருப்பது, யார் நம்பருக்கு யார் போனிலிருந்து பேசுவது என்பதும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

காலைச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கானது. நேற்றுவரை பள்ளியில் பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்ட பிள்ளை, ஆறாம் வகுப்பில் முன்னைவிடச் சீக்கிரம் கிளம்பி, வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறது. மதியச் சத்துணவு தொடர்கிறது, முட்டையும் உண்டு. அதுவரை தாங்க வேண்டுமே! காட்டு வேலைக்கு விடியற்காலையில் போகிற வீடுகளில் முதல் நாள் இரவே இதற்கு வழி செய்துவிட வேண்டும். பழைய சோறும் தயிரும் போதும். வாரத்துக்கு ஒருமுறை பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்; சாப்பிட்ட பிறகே போடச் சொல்லுங்கள்.

டைம்டேபிளைச் சுவரில் ஒட்டி, இரவே பையை அடுக்கப் பழக்குங்கள். முதல் இரண்டு வாரம் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், பை அடுக்கும் கை பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

கையில் கட்டும் கயிறு

பல ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாகும் இடம் ஆறாம் வகுப்பு. நீ எந்தத் தெரு, எந்தக் காலனி என்ற கேள்வியைப் பல பிள்ளைகள் முதன்முதலாக அங்கேதான் கேட்கிறார்கள். பஸ்ஸில் யார் எந்த சீட்டில் உட்காருவது, யாருடைய தண்ணீரை யார் குடிப்பது என்பதெல்லாம் பெரிய பையன்களைப் பார்த்துச் சின்னவர்களுக்குத் தொற்றுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது.

அரசு தடைசெய்வது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கயிறு பெரும்பாலும் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோதான் வருகிறது. ஜூனில் அனுப்பும் முன் பிள்ளையின் மணிக்கட்டைப் பாருங்கள், இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் மற்ற சாதிக்காரர்களைப் பற்றி நீங்கள் பேசுவதைத்தான் பிள்ளை பெஞ்சில் போய்ப் பேசும். உங்கள் பிள்ளையை யாராவது சாதி சொல்லி ஒதுக்கினால், "கண்டுக்காம இரு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அன்றே எச்.எம்.மிடம் போங்கள், எழுத்தில் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் உங்களைப் போன்ற ஒரு பெற்றோர்தான். அவரையும் கூட அழைத்துப் போங்கள்.

அனுப்பும் முன் வீட்டில் பேச இன்னொன்றும் உண்டு: பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் மாதவிலக்கைப் பற்றி மே மாதமே பேசிவிடுங்கள். பதினொரு வயதில் பள்ளியிலேயே நேர்ந்துவிடலாம். பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். அரசுப் பள்ளிகளில் நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள், யாரிடம் கேட்பது என்று தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்காக ஒரு வாரம் லீவு போடவைக்காதீர்கள். ஆறாம் வகுப்பில் விட்ட பாடத்தைக் கூப்பிட்டு நடத்த ஒரே டீச்சர் இல்லை.

ஜூலைக்குப் பிறகு

"இன்னைக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். "மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் அந்தக் கேள்விக்கு ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் வகுப்பாசிரியரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, குறிப்பிட்ட ஒரு பாடம் உள்ள நாளில் மட்டும் தலைவலி என்றால் டைம்டேபிளோடு வைத்துப் பாருங்கள்.

செப்டம்பரில் முதல் பருவத் தேர்வு முடிந்து விடைத்தாள் வந்ததும் மார்க்கைப் பார்ப்பதோடு விடாமல் பக்கங்களைப் புரட்டுங்கள். எழுதாமல் விட்ட இடம் எது, எழுதித் தப்பான இடம் எது? நேரம் போதவில்லையா, கேள்வி புரியவில்லையா? அந்தத் தாளோடு போய், "சார், எந்த எடத்துல நிக்கிறான்?" என்று கேளுங்கள். மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டால் கவனம் போதாது என்ற பதில்தான் வரும்.

அடிப்பதும், மனம் நோகத் திட்டுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. பிள்ளை அப்படி ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள், பிறகு விசாரியுங்கள். பள்ளியில் பேசித் தீராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. தொடக்கூடாத இடத்தில் யாராவது தொட்டதாகப் பிள்ளை சொன்னால் காத்திருக்க வேண்டாம். 1098க்குப் பேசுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். இந்த இரண்டு எண்களையும் பிள்ளையின் டயரியில் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

எல்லாம் செய்தும் டிசம்பர் வரை பிள்ளை தினமும் அழுதுகொண்டே போகிறது என்றால் பள்ளியை மாற்றலாம். வருடத்தின் நடுவிலும் மாற்றலாம், கேட்டதும் எச்.எம். டி.சி. தர வேண்டும். மாற்றும்போது இப்போதைய வகுப்பாசிரியரிடமும் ஓர் அரைப் பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.